துப்பறிவாளன் கூத்துப் பாட்டுப் பாடினால் அது நுவாரா?

நிழல்விரும்பி:
மட்டக்களப்புக் கல்லடியில் போன கிழமை போட்ட பரிசோதனை நாடகத்தை அசல் நுவார் பகடி, அதாவது இருளும் நிழலுமான பழைய குற்றப் படங்களைக் கேலி செய்வது என்று இங்கே ஒருவர் புகழ்ந்து தள்ளியிருக்கிறார். வாசிக்கவே எரிச்சலாக இருக்கிறது. மழைக்கோட்டுத் துப்பறிவாளன், கிழக்கு மாகாண சபைத் தேர்தலைக் காணவில்லை என்று முறையிட வரும் பெண், மேசைக்கு மேலே ஒற்றைப் பல்ப். அதுவரை சரி. அப்புறம் மத்தளம் அடிக்கிறார்கள், அவன் கூத்தில் மேடைக்கு வரும்போது பாடும் வரவுப்பாட்டைப் பாடுகிறான்! எஸ். பாலசந்தர் 1954இலேயே 'அந்த நாள்' படத்தை ஒரு பாட்டும் இல்லாமல் எடுத்தார். சிவாஜி இருந்தும் பாட்டு இல்லை. நுவாரில் பாட்டுக்கு இடமில்லை.

களரிக்காரன்:
இடமில்லையா? 1946இல் வந்த 'கில்டா'வில் ரீட்டா ஹேவொர்த் கறுப்புக் கையுறையைக் கழற்றிக்கொண்டு பாடினது என்ன, தேவாரமா? ஒரு படத்தைப் பார்த்துவிட்டுச் சட்டம் போடாதீர்கள். 2012இல் வாக்குப் போட்டோம், 2017இல் சபையின் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு ஆளுநர் ஆட்சிதான். பிற்பாட்டுக்காரர் இதை இழுத்துப் பாட, துப்பறிவாளன் கோப்புக் கட்டின் தூசைத் தட்டித் தட்டியே தாளத்துக்குக் கால் வைத்தான். சனம் கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டியது. நீங்கள் அப்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களோ?

நிழல்விரும்பி:
'கில்டா'வில் விடுதியில் ஒரு பெண் பாடுகிறாள். நான் கேட்பது துப்பறிவாளனை. 1941 'மால்டீஸ் ஃபால்கன்' படத்தில் ஹம்ப்ரி போகார்ட் பாடினாரா?

ஆரையம்பதியான்:
பாட்டு இருக்கட்டும். கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணி. இதில் ஆட்டம் வடமோடி, பாட்டு தென்மோடி இழுவை. கூத்துப் பழக்கும் எந்த அண்ணாவியாரிடம் கேட்டு இப்படிக் கலந்தார்கள்?

களரிக்காரன்:
தம்பி, மோடிக் கணக்குப் பார்க்க இதுவா நேரம்? விடிய விடிய வட்டக்களரியில் ஆடினதைப் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடினவர் நம்முடைய மௌனகுரு. கூத்தை மாற்றாதே என்றிருந்தால் அதுவும் வந்திராது. வெளிச்சத்தையாவது பார்த்தீர்களா? விளக்குக்கு முன்னால் கிடுகுத் தட்டி பிடித்து, அந்தப் படங்களில் யன்னல் தட்டியால் விழும் கோடுகளை அவன் முகத்தில் விழுத்தினார்கள். அதைப்பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை!

அக்கரைப்பற்றுப் பிள்ளை:
மாகாண சபை எங்களுக்கும்தானே? இப்படி நாடகமெல்லாம் கல்லடியைத் தாண்டி அம்பாறைப் பக்கம் வராதா?

களரிக்காரன்:
மண்டபமும் சாப்பாடும் ஒழுங்கு செய்யுங்கள் தங்கச்சி, கட்டாயம் வருவார்கள்.

நிழல்விரும்பி:
என் குறும்படத்தை "இருட்டில் எடுத்த கலியாண வீடியோ" என்று எழுதினவரும் இதே களரிக்காரன்தான். நான் மறக்கவில்லை. இப்போது கிடுகு நிழலுக்கு உருகுகிறார்.

களரிக்காரன்:
அதை இப்போதும் சொல்லுவேன். அரை மணித்தியாலம் மழையில் ஒருவர் நடந்தார். அவ்வளவுதான் உங்கள் படம்.

நிழல்விரும்பி:
பேச்சை மாற்றாதீர்கள். துப்பறிவாளன் பாடின ஒரு படத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

ஆரையம்பதியான்:
எனக்கு இன்னும் பதில் வரவில்லை. வடமோடியா, தென்மோடியா?

களரிக்காரன்:
பகடி செய்கிறவன் படத்திடம் அனுமதி வாங்க வேண்டுமா? பாடினான். நன்றாகவே பாடினான். இன்னும் பத்துத் தரம் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்.

நிழல்விரும்பி:
அப்படியென்றால் பெயர் இல்லை.