சாயக் கழிவுநீரில் ஒளி வினையூக்கம்: ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. டைட்டானியம் டை ஆக்சைடு தூள் (ஒளி பட்டால் வேலை செய்யும் வினையூக்கி), 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு, 40 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் தொட்டி மூன்றையும் சேர்த்துச் சாயத்தைச் சிதைக்கும் ஆய்வில் இருக்கிறேன். வாலைவடிநீரில் கரைத்த ரியாக்டிவ் பிளாக் 5 என்ற துணிச்சாயம் அழகாக வெளுக்கிறது. சாயம் ஒளியை அதிகம் உறிஞ்சும் 597 நானோமீட்டர் உச்சி மளமளவென்று இறங்குகிறது. திருப்பூர் சாயப் பட்டறைக் கழிவுநீரை ஊற்றினால் கருநீலம் அசையவே மாட்டேன் என்கிறது.

சாயம் ஏற்றப் போடும் உப்பும் சோடா சாம்பலும்தான் காரணம் என்று நினைக்கிறேன். குளோரைடும் கார்பனேட்டும் சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்களை விழுங்கிவிடும். காரத் தண்ணீரில் வினையூக்கியின் பரப்பு எதிர்மின்னேற்றம் பெறுவதால், அதே மின்னேற்றம் கொண்ட சாயமும் ஒட்டாது. அமிலம் விட்டு பிஎச் 4க்கு இறக்கினால் போதுமா, பெர்சல்ஃபேட் என்ற ஆக்சிஜனேற்றியும் சேர்க்க வேண்டுமா?

அப்புறம், அல்ட்ராசவுண்டில் தூள் மிக நுண்மையாகி, மையவிலக்கில் சுற்றிய பிறகும் மாதிரி கலங்கலாகவே இருக்கிறது. 0.22 மைக்ரான் வடிகட்டியில் சாயமும் ஒட்டிக்கொள்ளுமோ? எந்த வகை வடிகட்டி சரிவரும்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.