சாரலில் வெளுத்துப்போன மினி கூப்பர், சிவப்பு திரும்ப வருமா?

மேலகரம்காரன்:
அண்ணாச்சிமார்களே, கையில் இருப்பது 1:18 அளவு மினி பொம்மைக் கார், நிஜ வண்டியில் பதினெட்டில் ஒரு பங்கு, ஒரு சாண்கூட இல்லை. பச்சை நிறத்தில் வாங்கியது. 1964 மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் ஜெயித்த வண்டியாக மாற்ற ஆசை. சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை, கதவில் 37, நம்பர் பிளேட்டில் 33 ஈஜேபி. பிரித்து, ரிமூவர் போட்டு உரித்து, ப்ரைமரும் வெள்ளையும் அடித்தது மே மாதம். கண்ணாடி மாதிரி வந்தது. சிவப்பைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை தார்சாவில் வைத்து ஏர்பிரஷில் அடித்தேன். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட், சாதாரண தின்னர். வெளியே சாரல். பத்து நிமிடத்தில் பானட் முழுக்கப் பால் தெளித்ததுபோல் வெள்ளை பூத்துவிட்டது, துடைத்தாலும் போகவில்லை. "வத்தலே காயாத நேரத்துல ஒனக்கு காரு காயணுமாக்கும்" என்றாள் அம்மா. மொத்தமும் உரிக்க வேண்டுமா? வெள்ளைக் கூரையை மறைக்க ஒட்டிய டேப்புக்கு அடியிலும், ஓரத்தில், சிவப்பு ஊறியிருக்கிறது.

பாளையங்கோட்டை பெயின்டர்:
உரிக்காதீங்க தம்பி. அம்மா சொன்னதுதான் சரி. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு சில்லிட்டுப் போகும், மண்பானைத் தண்ணீர் குளிர்கிற கணக்குத்தான். ஈரக்காற்று அந்தக் குளிர்ச்சியில் வியர்த்து பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஷெட்டில் ஐப்பசி மழைக்கு முழு காரே எங்களுக்கு இப்படிப் பூத்திருக்கிறது. வெயில் அடிக்கிற நாளில், தின்னரில் கொஞ்சம் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்து, பெயின்ட் இல்லாமல் அதை மட்டும் பனிபோல ஊதுங்க. மேல்தோல் இளகி ஈரம் வெளியேறும், நிறம் திரும்பும்.

ப்ரைமர் போட்டது புத்திசாலித்தனம். இந்த வண்டிகள் இரும்பு இல்லை, துத்தநாகக் கலவை. அதன்மேல் கதவு, ஜன்னலுக்கு அடிக்கிற ஆயில் எனாமலை நேரே அடித்தால் நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி, நாளாக நாளாகப் பட்டை பட்டையாக உரியும். என் மகனுடைய பொம்மை அம்பாசடரை அப்படித்தான் நானே கெடுத்தேன். ஊருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறவன்!

அம்பை:
அண்ணாச்சி சொன்னதில் ஒரு எச்சரிக்கை. என்.சி.யில் மேல் பூச்சு அடிப்பூச்சையும் கரைக்கும். ரிடார்டர் மெதுவாகக் காய்வதால் நனைய ஊதினால் சிவப்பு வழிந்து கூரை ரோஸ் ஆகிவிடும். கூரையை மூடிவிட்டு, ஒரு ஊதல், பத்து நிமிடம் பொறுத்து இன்னொன்று, அவ்வளவுதான். ஊறிய ஓரத்தை 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் (நைசான உப்புத்தாள்) தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்து வெள்ளையைத் தொட்டுக்கொள்ளலாம். அடுத்த வண்டியில் டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் முதலில் வெள்ளையையே ஒரு தடவை ஊதுங்க. இடுக்கை வெள்ளை அடைத்துக்கொண்டால் சிவப்புக்கு வழி கிடையாது.

மேலகரம்காரன்:
நேற்று மதியம் இரண்டு மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்தது. மூன்று ஊதல். இரண்டாவதிலேயே பானட் சிவந்துவிட்டது! இடது மட்கார்டில் மட்டும் ஒரு கொசு ஒட்டிக்கொண்டது, அது காய்ந்தபிறகு தேய்க்க வேண்டும். இப்போது வண்டி காலி அரிசி டிரம்முக்குள், 60 வாட் குண்டு பல்புக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 37 ஒட்ட இன்னும் ஒரு வாரம் ஆகும். அம்மா டிரம்மை வியாழக்கிழமைக்குள் கேட்கிறாள்.