ஒபாமாகேர் ரத்துச் சண்டை: உங்கள் வீட்டருகே என்ன நடந்தது?

கொலம்பஸ், ஓஹாயோ

ஒபாமாகேரை, அதாவது ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவரப் போவதாகக் குடியரசுக் கட்சியினர் 2017இல் நடத்திய சண்டை எங்கள் வாசல்வரை வந்தது. என் அனுபவத்தை எழுதுகிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

அம்மா 2015இல் கிரீன் கார்டில் வந்தபோது அவருக்கு வயது 67. சர்க்கரை நோய், போதாததற்கு இதயத்தில் ஸ்டென்ட். முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் பணம் கட்டிச் சேரவே ஐந்து வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும். முன்பெல்லாம் இப்படிப்பட்ட உடம்புக்குத் தனியார் கம்பெனிகள் பாலிசி கொடுக்க மறுத்துவிடலாம். ஒபாமாகேர் வந்தபின், 2014 முதல் அப்படி மறுக்க முடியாது. இளைஞர்களிடம் வாங்கும் பிரீமியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் வயதானவர்களிடம் வாங்கவும் கூடாது. அம்மா நிம்மதியாக இங்கே இருக்க முடிந்ததே அதனால்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் கூரை வேலை எடுத்துச் செய்பவர். சொந்தத் தொழில், தீவிர குடியரசுக் கட்சிக்காரர். எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியபோது கூப்பிடாமலே ஏணியோடு வந்து நின்றவர். 2017 மே 4 அன்று பிரதிநிதிகள் சபையில் ரத்து மசோதா 217க்கு 213 என்று நிறைவேறியது. அன்று மாலை வேலியருகே, "இனி எங்களுக்கு விடிவுகாலம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு விடிவு, என் அம்மாவுக்கு?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஒரு கோப்போடு வந்து எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்தார். முதலில் எடுத்து வைத்தது 2013இல் வந்த கடிதம்: அவருடைய பழைய பாலிசி ரத்து. பிடித்த பாலிசியை வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அப்படி நடக்கவில்லை. புதிய பாலிசியில் 2017இல் கணவன் மனைவி இருவருக்கும் மாதம் 1,400 டாலர். அதற்குமேல் டிடக்டிபிள், அதாவது கம்பெனி கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டியது, வேறு ஆளுக்கு 6,500. இருவர் உள்ள குடும்பத்துக்கு பிரீமியத்துக்கு அரசு மானியம் கிடைக்க அந்த ஆண்டு வருமான வரம்பு ஏறக்குறைய 64,000 டாலர். அவர்கள் வருமானம் அதைச் சற்றே தாண்டியதால் ஒரு டாலர்கூட மானியம் இல்லை. நான் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவள். அந்தக் கடிதத்தைப் பார்க்கும்வரை இவருடைய கோபம் முழுக்க டிவி ஏற்றிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அது என் தவறு.

அப்புறம் புது மசோதாவை வைத்துக் கணக்குப் போட்டோம். 60 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு வருடம் 4,000 டாலர் வரிச் சலுகை, இருவருக்கும் 8,000. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஆனால் அதே மசோதா வயதானவர்களிடம் ஐந்து மடங்குவரை வாங்கவும் வழிவிட்டது. அவருக்கு 60, மனைவிக்கு 61. தவிர, மாநிலம் பழைய விதியிலிருந்து விலக்கு வாங்கினால், இடையில் பாலிசி விட்டுப்போனவர்களிடம் நோயைப் பார்த்துக் கூடுதலாகக் கேட்கலாம். அவர் மனைவி மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர். அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். "இதை எங்களிடம் யாரும் சொல்லவே இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 28 அதிகாலை நான் தூங்காமல் மேலவையான செனட்டின் வாக்கெடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூளைப் புற்றுநோய் என்று தெரிந்து சில நாட்களே ஆன குடியரசுக் கட்சி செனட்டர் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டினார். அதே கட்சியின் காலின்ஸ், முர்கோவ்ஸ்கி ஏற்கெனவே எதிர்ப்பு. 49க்கு 51 என்று மசோதா விழுந்தது. அம்மாவை எழுப்பிச் சொல்லி அழுதேன். காலையில் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "ஏழு வருஷமா மாற்றுவோம் மாற்றுவோம் என்றார்கள், கையில் ஒன்றுமே இல்லாமலா இருந்தார்கள்?" என்றார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

லெக்ஸிங்டன், கென்டக்கி

நான் மருத்துவர். எங்கள் மாநிலத்தில் அந்தச் சட்டப்படி நடந்த காப்பீட்டுச் சந்தைக்கு 'கைனெக்ட்' என்று பெயர். ஒரு நோயாளி, சுரங்கத்தில் வேலை பார்த்தவர், "ஒபாமாகேர் ஒழியட்டும் டாக்டர், எனக்குக் கைனெக்ட் போதும்" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று பொறுமையாக விளக்கினேன். நம்பவில்லை. பிறகு ஆளுநராக வந்த பெவின் கைனெக்டை மூடியபோது என்னைத்தான் தேடி வந்து, அடுத்து எங்கே பதிய வேண்டும் என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெயரை வைத்தே சண்டை போட்டவர்கள் இரண்டு கட்சியிலும் இருந்தார்கள், உள்ளே இருப்பதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

டாலஸ், டெக்சாஸ்

நூலகத்தில் ஒபாமாகேர் காப்பீட்டுக்குப் பதிவு செய்ய உதவும் தன்னார்வலராக இருந்தேன். வீடுகளில் சுத்தம் செய்யும் ஒரு பெண்மணி வந்தார். கணினியில் வருமானத்தைப் போட்டால் மானியம் பூஜ்யம். வறுமைக் கோட்டுக்கு மேலே இருந்தால்தான் மானியம், கீழே இருப்பவர்களுக்கு ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் என்பது சட்டத்தின் ஏற்பாடு. 2012இல் உச்ச நீதிமன்றம் மெடிக்கெய்ட் விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. டெக்சாஸ் இன்றுவரை ஏற்கவில்லை. "அதிகம் சம்பாதித்திருந்தால் உதவி கிடைத்திருக்குமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மீண்டும் கொலம்பஸ்

பக்கத்து வீட்டுக்காரர் இப்போது எப்படி என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். 2021இல் அந்த வருமான வரம்பைத் தற்காலிகமாக எடுத்தார்கள். வருமானத்தில் 8.5 சதவீதத்துக்குமேல் பிரீமியம் போகாமல் மானியம் வந்தது. மெடிகேர் வயது வரும்வரை அதில்தான் இருந்தார். கட்சி மாறவில்லை, மாறச் சொல்லி நானும் கேட்டதில்லை. அந்தக் கூடுதல் மானியத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்ற தகராறில் 2025இல் அரசாங்கமே 43 நாள் முடங்கியது. நீட்டிக்கவில்லை, ஆண்டு முடிவோடு போய்விட்டது. கூரைத் தொழிலை இப்போது நடத்துவது அவருடைய தம்பி. போன வாரம் அவரும் ஒரு கோப்போடு எங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தார்.