டீசல் டேங்க் மூடியை வீட்டில் வைத்துச் சரிசெய்தவர்கள் இருக்கிறீர்களா? என் கதை இது

நாகைக்காரன்:

எங்கள் விசைப்படகில் டீசல் டேங்குக்கு மேலே, டெக்கோடு டெக்காக ஒரு பைபர் (கண்ணாடி இழை) மூடி உண்டு. இரண்டரை அடிக்கு இரண்டடி. கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கி எழும். இரண்டு வருடமாக மேலே மேலே ஒட்டுப் போட்டே காலம் தள்ளினேன்.

போன மாசியில் கோடியக்கரைக்குக் கிழக்கே, ராத்திரி இரண்டு மணிக்கு எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் டீசலில் இருந்து தண்ணீரைப் பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டர் கிண்ணத்தில் அடிப்பாதி தண்ணீர், மேலே டீசல். டெக் கழுவுகிற தண்ணீரும் அலைத் தண்ணீரும் மூடி வழியாக இறங்கி, டேங்க் வாயின் தேய்ந்துபோன வாஷரில் புகுந்திருக்கிறது. டிரைவர் அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் ரொம்ப உறுத்தியது.

சரி, ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் மூடியைக் கழற்றி டிவிஎஸ் எக்ஸெல்லில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கிரைண்டர் பொறியை டேங்க் பக்கத்தில் பறக்கவிட எனக்குத் தைரியம் கிடையாது. டெக்கில் இருந்த ஓட்டைக்குப் பலகை போட்டு, மேலே தார்ப்பாய் கட்டினேன்.

மூடியைக் குப்புறப் போட்டு, சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டு அடித்தோலை மட்டும் அறுத்தேன். உள்ளே இருந்த பிளைவுட் டீயில் முக்கிய பொறை மாதிரி கையோடு வந்தது. கைப்பிடி ஸ்க்ரூ நான்கைச் சுற்றித்தான் கறுப்பு அதிகம். என்றைக்கோ எவனோ பிளைவுட்டில் நேராக ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுப் போயிருக்கிறான், தண்ணீருக்கு அதுவே வாசல். நான் மேலே போட்ட ஒட்டெல்லாம் அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்ததுதான் மிச்சம்.

சுரண்டி, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, நாலு நாள் வெயிலில் காயவிட்டேன். புதிதாக 12 மி.மீ. மரைன் பிளை, ஐ.எஸ். 710 என்ற மரைன் பிளை தர முத்திரை பார்த்து வாங்கியது. விளிம்பெல்லாம் ரெசின் (பைபரை ஒட்டி இறுக்குகிற பிசின்) குடிக்கவிட்டு, 450 மேட்டை (சதுர மீட்டருக்கு 450 கிராம் கண்ணாடி இழை விரிப்பு) ரெசினில் நனைத்து விரித்து, பிளையை அதன்மேல் பதித்து, செங்கல் பாரம் ஏற்றினேன். மறுநாள் அடிப்பக்கம் இரண்டு மேட், ஒரு ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி). பழைய விளிம்பைச் சரிவாகத் தேய்த்துவிட்டு அதன்மேல் ஏறுகிற மாதிரி ஒட்டினால்தான் பிடிக்கிறது.

கத்தரி வெயிலில் முதல் கப் ரெசின் கையிலேயே புகைந்து கட்டியாகிவிட்டது. அப்புறம் நூறு நூறு கிராமாக, ரெசினை இறுகவைக்கிற கேட்டலிஸ்ட் ஒரு மில்லிலிட்டர் மட்டும் விட்டுக் கலந்தேன். ஸ்க்ரூ இடங்களைப் பெரிதாகத் துளைத்து, நறுக்கிய பைபரும் ரெசினும் குழைத்து அடைத்து, இறுகிய பிறகு நடுவில் சின்னத் துளை போட்டேன். இப்போது ஸ்க்ரூ மரத்தைத் தொடவே தொடாது.

அரிப்பு மட்டும் மூன்று நாள். சட்டையை வாளியோடு வெளியே வைத்துவிட்டாள் வீட்டுக்காரி.

குளச்சல் வள்ளம்:

உங்களுக்கு வெயில் தொல்லை, எங்களுக்கு மழைத் தொல்லை அண்ணே. மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, நேராகத் தென்மேற்குப் பருவமழையில் வந்து விழும். போன வருடம் இதே வேலையை மாட்டுக்கொட்டகையில் செய்தேன். இரண்டு நாள் ஆகியும் மேல்பரப்பு பிசுபிசுவென்றே இருந்தது. பழைய மஞ்சள் பல்பு இரண்டைத் தொங்கவிட்டு, பாலித்தீன் தாளைக் குமிழி இல்லாமல் ஒட்டி மூடிய பிறகுதான் காய்ந்தது. காற்றுப் படுகிற பக்கம் சாதா ரெசின் லேசில் காயாது. உரித்தால் தாள் தனியாக வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

பட்டறைப் பையன்:

வீட்டில் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ரெசின் இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது. முதலில் ரெசினில் கோபால்ட்டை நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். நான் வேலை பழகிய இடத்தில் ஒரு பையன் அவசரத்தில் இரண்டையும் ஒரே பாட்டில் மூடியில் ஊற்றினான். புஸ்ஸென்று தீ. புருவம் முளைக்க இரண்டு மாதம் ஆனது, கண் தப்பியது அவன் அம்மா செய்த புண்ணியம். கடையில் கோபால்ட் கலந்த ரெசினும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். கண்ணாடி, மாஸ்க் இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

தூத்துக்குடி மச்சான்:

மூடி சரி, கீழே ரப்பர் என்ன போட்டீர்கள்? நான் சைக்கிள் டியூபை அறுத்து ஒட்டினேன். டீசல் சிந்திச் சிந்தி ஆறே மாதத்தில் ரத்தம் குடித்த அட்டை மாதிரி ஊதி, மூடியையே தூக்கிவிட்டது. இப்போது டீசலைத் தாங்குகிற நைட்ரைல் ரப்பர் பட்டை. ஆயில் சீல் விற்கிற கடையில் கேட்டால் கிடைக்கும். அவுட்போர்டு வைத்து பெட்ரோல் ஓட்டுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியிலேயே தேங்கி நிற்கும். டேங்க் காலிதானே என்று பக்கத்தில் கிரைண்டர் போடாதீர்கள்.

நாகைக்காரன்:

மச்சான், வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்களே. லாரி டியூப்தான் ஒட்டி வைத்திருக்கிறேன், அதுவும் ஒரு டப்பா பசை போட்டு. கடலுக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நாளைக் காலையில் உரிக்க உட்கார வேண்டியதுதான்.