இணையத் தரநிலைக் கூட்டத்தை எந்த நாட்டில் வைப்பது?

நெய்தல்:
கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகளை, அதாவது இணைய நெறிமுறைகளை, வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று மாறி மாறி இடம் தேர்ந்தெடுப்பது அதன் வழக்கம். இந்தச் சுழற்சியையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது என் கருத்து. விசா எளிதில் கிடைக்காத ஒரு நாட்டுக்கு, அது அமெரிக்காவாகவே இருந்தாலும், முறை வைத்து வாய்ப்புத் தருவது ஏன்? 2017இல் டிரம்ப் அரசு சில நாட்டவருக்கு நுழைவுத் தடை விதித்த பிறகு, சான் பிரான்சிஸ்கோவில் நடக்கவிருந்த 2018 ஜூலைக் கூட்டம் மாண்ட்ரியலுக்கு மாற்றப்பட்டது. ஆக, மனம் வைத்தால் இடத்தை மாற்ற முடியும்.

கணவாய்:
மாண்ட்ரியலுக்குப் போக மட்டும் நமக்கு விசா வேண்டாமா? விரல்ரேகை, வங்கிக் கணக்கு விவரம், அழைப்புக் கடிதம் என்று அங்கும் அதே படிகளைத்தான் ஏற வேண்டும். விசாவையே அளவுகோலாக வைத்தால், யாருடைய கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அளப்பது என்ற கேள்வி எழும்; ஈரானியர் எளிதாக நுழையும் நாட்டில் இஸ்ரேலியர் கால் வைக்க முடியாமல் போகலாம். நெறிமுறை வரைவுகளை எழுதுவோரில் பெரும்பகுதியினர் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும்போது, அவர்கள் அருகிலேயே கூடுவதில் தவறு என்ன?

பழையகம்பி:
இருவரும் வாசலைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளே போன பிறகு என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். 2010 நவம்பர் கூட்டத்தைச் சீனாவில் நடத்த ஏற்பாடு நடந்தபோது, விடுதி ஒப்பந்தத்தில் இருந்த ஒரு நிபந்தனை 2009இல் பங்கேற்பாளர்கள் முன் வைக்கப்பட்டது. திரையில் காட்டும் படமோ அச்சிட்ட தாளோ சீன அரசை அவதூறு செய்தாலோ சீனப் பண்பாட்டை அவமதித்தாலோ, நிகழ்ச்சியை அந்த இடத்திலேயே நிறுத்தவும் நட்டஈடு கேட்கவும் விடுதிக்கு உரிமை உண்டு என்றது அது. குறியாக்கத்தையும் தனியுரிமையையும் நாள்தோறும் விவாதிக்கும் ஒரு கூட்டத்தில் எந்தச் சொல் அவதூறு என்பதை விடுதி மேலாளரா தீர்மானிப்பார்?

கணவாய்:
ஆனால் பெய்ஜிங்கில் கூட்டம் இடையூறின்றி நடந்து முடிந்தது. சிங்கப்பூரையும் நினைத்துப் பாருங்கள்: ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவைக் காட்டி, தன்பாலின இணையருடனும் பிள்ளைகளுடனும் வருவோரின் நிலை என்ன என்று 2016இல் நீண்ட சர்ச்சை எழுந்தது, ஆயினும் 2017 நவம்பரில் நூறாவது கூட்டம் அங்கேயே நடந்தது. அச்சட்டத்தை நீக்க 2022இல்தான் நாடாளுமன்றம் வாக்களித்தது. குறையற்ற நாடு கிடைக்கும்வரை காத்திருந்தால் ஒரு நெறிமுறையும் வெளிவராது.

பழையகம்பி:
இடையூறின்றி முடிந்ததால் நிபந்தனை நியாயமாகிவிடாது. சிங்கப்பூருக்கு வரத் தயங்கியவர்களின் நாற்காலிகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

நெய்தல்:
நான் சொல்ல வருவதும் அதைத்தான். 2020இல் வெளியான ஐ.இ.டி.எஃப். இடத்தேர்வு ஆவணம், வர விரும்புவோரில் மிகப் பெரும்பான்மையினரால் வர முடிகிற அளவில் நுழைவுத் தடைகள் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதை 'முக்கியம்' என்ற பட்டியலில் வைத்திருக்கிறதே தவிர, 'கட்டாயம்' என்ற பட்டியலில் அல்ல. மேலும், விசா நேர்காணலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்து விண்ணப்பிக்காமலே விட்டவரை 'வர விரும்புவோர்' என்று யார் எண்ணப் போகிறார்கள்? 2018இலும் 2025இலும் கூட்டம் நடந்த பாங்காக்கைப் போன்ற நகரங்களுக்குக் கூடுதல் முறை தரலாம்.

கணவாய்:
அப்படியானால் சென்னையை முன்மொழிவீர்களா? இந்தியாவில் பன்னாட்டு மாநாட்டுக்கு வெளிநாட்டவரை அழைக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பாகிஸ்தான் பொறியாளர் ஒருவருக்கு விசா கிடைப்பது குதிரைக் கொம்பு. உங்கள் அளவுகோல்படி முதலில் விழும் பெயர்களில் நம் நாடும் ஒன்று.

நெய்தல்:
விழட்டும். சென்னையை நான் முன்மொழியவில்லை. அந்த முன் அனுமதி விதி தளரும்வரை முன்மொழியவும் மாட்டேன்.