வாம்பனோக் மக்களின் ஈரநிலங்கள்: தண்ணீர் திரும்பினால் போதுமா?

நெய்தல்வாணி (கேள்வி):
வணக்கம். சென்ற மாதம் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் கைவிடப்பட்ட இறால் குட்டைகளின் வரப்போரம் தொண்டூழியர்களுடன் நடந்தபோது, உடைந்த மதகின் வழியே ஓதநீர் ஏறி, யாரும் நடாத கண்டல் கன்றுகள் சேற்றில் ஊன்றி நிற்பதைக் கண்டேன். அன்றிலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் வாழும் வாம்பனோக் பழங்குடியினரைப் பற்றிப் படித்து வருகிறேன். அவர்களுடைய தாயகத்திலும், வணிகத்துக்காகக் கிரான்பெர்ரிப் பழம் விளைவித்துக் கைவிட்ட வயல்கள் மீண்டும் சதுப்புநிலமாக்கப்படுகின்றன. செடியும் மீனும் திரும்பிவிட்டால் நிலம் மீண்டதாகக் கொள்ளலாமா? அதை நம்பி வாழ்ந்தவர்களுக்கு உரிமை இல்லாத இடத்தில் அதை மீட்பு என்பது தகுமா?

கிராஞ்சிவாசி:
முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிரான்பெர்ரி வயலில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மணல் பரப்புவார்கள். வாய்க்கால் வெட்டி, ஓடையை மறித்து அணை கட்டுவார்கள். இப்படிப் பல பத்தாண்டுகள் படிந்து இறுகிய மணலைக் கிளறி, வாய்க்காலைத் தூர்த்து, அணையை அகற்றினால் நிலத்தடி நீர் மேலெழும். அடியில் புதைந்து உறங்கிய விதைகள் தாமாகவே முளைக்கும். இளவேனிலில் முட்டையிடக் கடலிலிருந்து குளங்களுக்கு ஏறும் ஹெர்ரிங் மீன்களுக்கும் அப்போதுதான் வழி திறக்கும். உபினில் தாங்கள் கண்டதும் இதுவே: நடுவதற்கு முன் நீரோட்டத்தைச் சீராக்க வேண்டும். ஆனால் வாம்பனோக் மக்கள் வாழும் ஊர்களில் ஒன்றான மாஷ்பீயில் வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்து கசியும் நைட்ரஜன், மணற்பாங்கான நிலத்தின் வழியே பாப்பொனெசெட் விரிகுடாவை அடைந்து பாசியைப் பெருக்கிக் கடற்புல்லை அழிக்கிறது. பழங்குடியினர் அங்கே சிப்பி வளர்ப்பதற்கு, சிப்பி நீரை வடிகட்டுவதும் ஒரு காரணம்.

தில்லைமரம்:
உரிமை இல்லாமல் மீட்பு இல்லை என்பது என் உறுதியான கருத்து. வாம்பனோக் மக்களின் மற்றோர் ஊரான அக்கின்னாவில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை கிரான்பெர்ரி நாள். அன்று குடும்பங்கள் சேர்ந்து காட்டுப் பழத்தைப் பறிக்கின்றன. பறிக்கக் கூடாதென்று வேலியிட்டால் நிலம் இருக்கும், அந்த நாள் இருக்காது. மாஷ்பீ மக்களோ, 2007இல் மத்திய அரசின் அங்கீகாரமும் 2015இல் ஏறத்தாழ 321 ஏக்கர் நிலத்துக்குப் பாதுகாப்பும் பெற்றும், 2020இல் அதை இழக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டு, 2021இல்தான் நிலைநிறுத்திக்கொண்டார்கள்.

சிதம்பரத்தில் பிறந்த என் பாட்டி, தில்லை மரத்தை முதன்முதலில் பார்த்தது சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில்தான். இலையைக் கிள்ளப் போனவரை, பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும் என்று தடுத்தேன். தில்லை என்ற பெயர் பாட்டியின் ஊருக்கு இருந்தும் அங்கே மரம் இல்லை. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலான ஜொகூர் நீரிணையின் அலையாத்திக் காடுகளில் படகிலேயே வாழ்ந்த ஓராங் செலேத்தார் மக்களுக்கோ மரம் இங்கே இருக்கிறது; ஆனால் அவர்களில் பலர் நீரிணைக்கு அப்பால் மலேசியக் கரையில் குடியேறிவிட்டார்கள்.

நெய்தல்வாணி:
இருவருக்கும் நன்றி. நமது இயற்கை வனப்பகுதிகளில் எதையும் பறிக்கச் சட்டம் இடம் தராது. இவ்வளவு சிறிய தீவில் அந்தக் கட்டுப்பாடு தேவை என்றே நினைக்கிறேன். ஆயினும் எந்த ஓடை எங்கே ஓடியது, எந்த மரத்துக்கு என்ன பெயர் என்று அறிந்தவர்களை மீட்புப் பணியின் தொடக்கத்திலேயே அழைத்துக் கேட்கத் தடையில்லை. அடுத்த முறை உபினுக்குச் செல்லும்போது, அங்கே வாழும் முதியவர்களிடமிருந்து அதைத் தொடங்கலாம் என்று எங்கள் குழுவிடம் முன்மொழியப் போகிறேன்.