26 வயதில் முதல் மனை: திண்டிவனம் பக்கம் வாங்கலாமா?

புதுமனை26
வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கையில் 6 லட்சம், மாதச் சம்பளம் 48,000. போன ஞாயிறு, திண்டிவனத்துக்கு முன்னால் 140 மனைகள் கொண்ட ஒரு மனைப்பிரிவுக்கு வேனில் அழைத்துப் போனார்கள். மதியம் பிரியாணியும் போட்டார்கள். 1,200 சதுர அடி, அடி 950 ரூபாய், மொத்தம் 11.4 லட்சம். மீதிக்குக் கடன் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார் முகவர். வரும் ஞாயிற்றுக்குள் 50,000 முன்பணம் ரொக்கமாக வேண்டுமாம். மண்ணில் போட்ட காசு வீண்போகாது என்கிறார் அப்பா. இப்போதைக்கு வீடு கட்டும் எண்ணம் இல்லை, முதலீடாகத்தான் பார்க்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

கூடுவாஞ்சேரிவாசி
அப்பா பேச்சைக் கேளுங்கள் தம்பி. 2004-இல் கூடுவாஞ்சேரியில் ஒரு கிரவுண்டை (2,400 சதுர அடி) அடி 180 ரூபாய்க்கு வாங்கினேன். தெருவுக்கே மூன்று வீடுகள்தான். "நரி ஊளையிடும் இடத்தில் என் பெண்ணைக் குடிவைக்கப் போகிறீர்களா?" என்று கேட்டார் மாமனார். இன்று அதே தெருவில் 4,000-க்குக் குறைந்து ஒருவரும் தரமாட்டார்கள். இளம் வயதில் தவணை ஒன்று கழுத்தில் இருந்தால்தான் சம்பளம் கையில் நிற்கும்.

கணக்கப்பிள்ளை
பரிசு விழுந்தவர் லாட்டரிச்சீட்டு விற்கிறார்! கூடுவாஞ்சேரி தாம்பரத்துக்கு அடுத்த வீடு மாதிரி. மின்சார ரயில் ஓடுகிறது. திண்டிவனத்தை அதோடு ஒப்பிடலாமா?

என் கதையைக் கேளுங்கள். 2014-இல் அச்சிறுபாக்கம் பக்கம் 1,200 அடியை 4.2 லட்சத்துக்கு வாங்கினேன். பத்திரச் செலவோடு 4.6. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்றார்கள், நம்பினேன். அது செல்லுபடியாகும் அங்கீகாரமே இல்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறு ஆண்டு, அத்தகைய மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தபிறகு கட்டணமும் அலைச்சலுமாக 45,000 போயிற்று. விற்கலாம் என்று போய்ப் பார்த்தால் ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம். ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்தும் நான்கு எல்லைக் கற்களில் இரண்டுதான் கிடைத்தன. பதினான்கு மாதம் ஆள் தேடி, 2023-இல் 7.2 லட்சத்துக்குத் தள்ளிவிட்டேன். தரகு போகக் கைக்கு வந்தது 7.05. வங்கியில் வைப்பாகப் போட்டிருந்தால் இதைவிட அதிகம் வந்திருக்கும்.

கூடுவாஞ்சேரிவாசி
அங்கீகாரம் பார்க்காமல் வாங்கியது உங்கள் பிழை. நிலம் என்ன செய்யும்? வைப்பு வட்டிக்கு வரி உண்டு என்பதையும் கணக்கில் காணோம், கணக்கப்பிள்ளை ஐயா.

பத்திர எழுத்தர்
இருவரும் சண்டை போடுங்கள், நடுவே நான் தொழில் பேசிவிடுகிறேன். 140 மனை என்றால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரமும் ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் இல்லாமல் விற்கவே முடியாது. ரெரா பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே பாருங்கள். துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று போடுங்கள். தாய்ப் பத்திரத்தின் அசலைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். விற்பவர் உரிமையாளரா, அவரிடம் பொது அதிகாரம் (பவர் பத்திரம்) பெற்றவரா? அதிகாரம் என்றால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். செத்தவர் கொடுத்த அதிகாரத்தை வைத்து விற்ற கதைகள் எங்கள் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன.

அப்புறம் அந்த 50,000. மனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயிலிருந்து ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி கூடாது. பணத்தைக் கைநீட்டி வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். இது தெரியாத முகவர் கிடையாது. தெரிந்தும் கேட்கிறார்.

கணக்கப்பிள்ளை
கூட்டலையும் போட்டுவிடுகிறேன். முழு விலைக்குப் பத்திரம் பதிந்தால் முத்திரைத்தாள் வரி 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: ஏறக்குறைய 1.03 லட்சம். கையில் இருக்கும் ஆறு லட்சத்தையும் துடைத்துப் போட்டாலும் 6.4 லட்சம் கடன். பத்தாண்டு, 9.5 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் 8,300 ரூபாய். வட்டி மட்டும் மூன்றரை லட்சம். அதாவது அடி 1,330-க்கு விற்றால்தான் போட்ட காசே திரும்பும். அதுவரை ஒரு பைசா வாடகை வராது. காலி மனைக் கடனின் வட்டிக்கு, வீடு கட்டாதவரை வரிச்சலுகையும் கிடையாது. நாளைக்கே வேலை போனால் மனையையா சாப்பிட முடியும்? முந்நூறு அடியை மட்டும் வெட்டி விற்கவும் முடியாது.

சிறுதுளி
மனை வேண்டாம் என்றால் வேறு வழியும் சொல்ல வேண்டுமே ஐயா. ரீட் அலகுகளைப் பாருங்கள் தம்பி. ரீட் என்பது பலரிடம் பணம் திரட்டி, வாடகை வரும் கட்டடங்களை வைத்திருக்கும் அறக்கட்டளை; அதன் பங்குதான் அலகு. 2019-இலிருந்து இந்தியப் பங்குச்சந்தையில் இருக்கின்றன. ஓர் அலகு சில நூறு ரூபாய்தான். பகிர்ந்தளிக்கத்தக்க பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தை அலகு வைத்திருப்பவர்களுக்குத் தந்தாக வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. வடபழனியில் இருக்கும் நெக்சஸ் விஜயா வணிக வளாகம்கூட ஒரு ரீட்டுக்குச் சொந்தமானதுதான். மூன்று ஆண்டுகளாக மாதம் கொஞ்சமாக வாங்குகிறேன். விலை ஏறும், இறங்கும்; ஆனால் அவசரத்துக்குக் காலையில் விற்றுவிடலாம்.

கூடுவாஞ்சேரிவாசி
பெண் பார்க்கப் போகும் இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் தம்பி ரீட் அலகையா காட்டுவார், சிறுதுளி அம்மா? அங்கே சென்ட் கணக்கில்தான் பேசுவார்கள்.

சிறுதுளி
சென்ட் கணக்கு கேட்கிற வீட்டில் கடன் கணக்கையும் கேட்பார்கள்.

புதுமனை26
எல்லோருக்கும் நன்றி. நேற்று விடுப்பு எடுத்து, யாரிடமும் சொல்லாமல் பைக்கில் போய்வந்தேன். வேனில் "நெடுஞ்சாலையிலிருந்து ஐந்தே நிமிடம்" என்றார்கள். எனக்கு இருபத்திரண்டு நிமிடம் பிடித்தது. அலங்கார வளைவுக்குப் பின்னால் நட்டிருந்த தென்னங்கன்றுகள் காய்ந்து கிடக்கின்றன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், மழைக்காலத்தில் பின்வரிசை முழுக்கத் தண்ணீர் நிற்கும் என்றார். எனக்குக் காட்டிய மனை பின்வரிசையில்தான் இருக்கிறது. பிரசுரத்தில் "பரந்தூர் விமான நிலையம் அருகில்" என்று வேறு போட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் காஞ்சிபுரத்தையும் தாண்டிப் போக வேண்டும். ரெரா எண் கேட்டேன். "முன்பணம் போடுங்கள் தம்பி, எல்லாம் தருகிறேன்" என்கிறார்.

கூடுவாஞ்சேரிவாசி
அந்த மனை வேண்டாம். மனையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு ஆண்டு சேர்த்து, செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம் அறுநூறு அடியாவது பாருங்கள்.

கணக்கப்பிள்ளை
இந்தத் தம்பியின் சேமிப்புக்கு அங்கே அறுநூறு அடியா? எந்தத் தெரு என்று சொல்லுங்கள், நானே வந்து வாங்குகிறேன்.